ஈரம் தேடும் சாம்பல்

செத்துப்போன கரப்பான்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் பூச்சி அறையின் விளக்கைப் போட்டு, மேசைமேல் இருந்த இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் இடதுபக்கப் பெட்டியின் வலைத்துணியை விலக்கியபோது ஜலஜா முதலில் கவனித்தது அதைத்தான். மொத்தம் நாற்பது கரப்பான்கள். சனிக்கிழமை மாலையே நாற்பதும் செத்துவிட்டன என்று அவளே எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அன்று அவை மல்லாந்தும், ஒருக்களித்தும், ஒன்றன்மேல் ஒன்று விழுந்தும், சாகும் பூச்சிகள் எப்படிக் கிடக்குமோ அப்படித்தான் கிடந்தன. இப்போது நாற்பதும் கால்களை ஊன்றி, மெல்லிய சாம்பல் படிவின்மேல் நின்றன. நாற்பது தலைகளும் ஒரே திசையில் இருந்தன. அந்தத் திசையில் அவளுடைய நாற்காலி கிடந்தது.

பெட்டியை யாராவது ஆட்டியிருப்பார்கள் என்று நினைத்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடம் பூட்டியே கிடந்தது. இந்த அறையின் சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு. ஒன்று அவளிடம், இன்னொன்று அவளுக்குக் கீழே வேலை செய்யும் சுதர்சனிடம். சுதர்சன் இன்னும் வரவில்லை.

பதினெட்டு வருடமாகப் பூச்சிகளை வளர்த்து, எண்ணி, நிறுத்து, கொன்று சம்பளம் வாங்குகிறவள் அவள். எரிமலைச் சாம்பல் விழுந்த ஊர்களில் பூச்சிகள் ஏன் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன என்பதுதான் இந்த வருடத்து ஆராய்ச்சி. சாம்பலில் விஷம் ஒன்றும் இல்லை. பூச்சியின் உடம்பைச் சுற்றி மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. உள்ளிருக்கும் ஈரத்தைக் காப்பது அதுதான். சாம்பல் என்பது பொடிப்பொடியாக நொறுங்கிய கண்ணாடி. அது அந்த மெழுகைச் சுரண்டிவிடும். பூச்சி தன்னைத் துடைத்துக்கொள்ளப் பார்க்கும். துடைக்கத் துடைக்க இன்னும் சுரண்டும். கடைசியில் உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து சாகும். தாகத்தால் வரும் சாவு. இதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். பயந்ததில்லை.

இடுக்கியால் ஒன்றைத் தூக்கினாள். எடையே இல்லை. லேசாக அழுத்தினாள். அப்பளம்போல உடைந்தது. உள்ளே குடல் இல்லை, கொழுப்பு இல்லை. காய்ந்த தோலாவது ஒட்டியிருக்க வேண்டும், அதுவும் இல்லை. வாயிலிருந்து வால்வரை சாம்பல் மட்டும் இறுக்கி அடைத்திருந்தது.

இடுக்கியைக் கழுவுவதற்காக எதிர்மூலையில் இருந்த தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். ஏசியின் உறுமலுக்கும் தண்ணீர் விழும் ஓசைக்கும் நடுவில், அவளுடைய முதுகுக்குப் பின்னால், காய்ந்த இலைகளை யாரோ இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து மெதுவாகத் தேய்ப்பதுபோல ஒரு சரசரப்பு எழுந்து, சிறிது நேரம் நீடித்து, அவள் குழாயை மூடிய அதே கணத்தில் நின்றது.

திரும்பினாள்.

முப்பத்தொன்பது தலைகளும் இப்போது தொட்டியைப் பார்த்திருந்தன.

அவள் அசையாமல் நின்றாள். அவையும் அசையவில்லை. வலதுபக்கப் பெட்டியில் உயிரோடு இருந்த நாற்பது கரப்பான்களும், சாம்பல் பெட்டியிலிருந்து எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு தூரம் விலகி, கடைசி மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அப்பிக்கொண்டிருந்தன.

சுதர்சனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்து வாட்ஸ்அப்பில் அவனுடைய குரல் வந்தது. "மேடம், இன்னிக்கி லீவு. ஒண்ணும் இல்ல. தாகம்தான், ஜாஸ்தியா இருக்கு." பின்னணியில் பக்கெட்டில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பேச்சு முடிந்த பிறகும் பதிவு ஓடியது. விழுங்கும் சத்தம், மூச்சு விடாமல், நாற்பது விநாடி.

பெட்டியின்மேல் கறுப்புத் துணியைப் போட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் அவளுக்குச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை அக்ஷதா ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தாள். ஜலஜாவின் ஒரே மகள், பதினான்கு வயது. கோடை விடுமுறை, அப்பா மனோஜ் விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிப் போய் ஆறு மாதமாகிறது, வீட்டில் தனியாக இருக்க அலுப்பு என்று கூடவே கிளம்பிவிட்டாள். சுதர்சன் அவளுக்கு எல்லாவற்றையும் காட்டினான். போன மாதம் அந்தமான் கடலில் ஆளில்லாத ஓர் எரிமலைத் தீவுக்குப் போன குழுவில் அவனும் இருந்தான். அங்கிருந்து ஐந்து டப்பா சாம்பல் கொண்டுவந்தான். நான்கு டப்பா கரையோரத்தில் அள்ளியது. அதில் பூச்சிகள் வழக்கம்போலவே செத்தன. ஐந்தாவது, எரிமலை வாய்க்குப் பக்கத்தில், சூடு ஆறாத சரிவில் அள்ளியது. அதை வியாழக்கிழமைதான் திறந்தான்.

"அந்த எடத்துல மூணு மணி நேரம் இருந்தோம்மா," என்று அக்ஷதாவிடம் சொன்னான். "கரையில அவ்ளோ ஈ, அவ்ளோ கொசு. அங்க ஒண்ணு கூட இல்ல. பறந்து வந்துச்சுன்னா பாதியிலயே திரும்பிப் போகுது."

அக்ஷதா முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சாம்பலில் ஒரு விரலை வைத்தாள். "ஸோ ஸாஃப்ட் மம்மீ, பவுடர் லாகா இருக்கு," என்று தெலுங்கு கலந்த தன் தமிழில் சொல்லிச் சிரித்து, விரலை உதட்டருகே கொண்டுபோய் ஊதினாள். ஜலஜா அதட்டினாள். கையைக் கழுவச் சொன்னாள். அக்ஷதா கழுவினாள். அவ்வளவுதான் நடந்தது.

போன் அடித்தது. அக்ஷதாதான்.

"மம்மீ, தண்ணி கேன் அயிப்போயிந்தி. இன்னொண்ணு சொல்லு."

"என்னாது, தீந்துபோச்சா? நேத்து சாயங்காலம்தானடி கேன்காரன் வெச்சான்? இருபது லிட்டர்."

"தெலீது, தெரியல மம்மீ. தாகமா இருக்கு."

அவள் வீடு இருந்த சைனிக்புரியின் தெருக்களில் ஏப்ரல் மாதத்துப் பதினோரு மணிக்கே ஆள் நடமாட்டம் இல்லை. மரங்களின் நிழல்கூட வேருக்குள் ஒடுங்கிக்கிடந்தது. ஜலஜா ஸ்கூட்டியை உள்ளே தள்ளி நிறுத்தியபோது மாடியிலிருந்து குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற சுபேதாரின் மகள் ஐந்து மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். கீழ்ப்போர்ஷனில் இவர்கள் இருவர் மட்டும்.

அக்ஷதா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். உதடுகள் வெளுத்து, ஓரங்களில் கீறல் விட்டிருந்தன. மின்விசிறி அனல் காற்றை வாரியடித்தது. அந்த வெக்கையில் ஜலஜாவின் முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருக்க, மகளின் நெற்றியில், மேலுதட்டில், கழுத்தில் எங்குமே ஈரமில்லை. கையைப் பிடித்தாள். பழைய புத்தகத்தின் பக்கம்போல இருந்தது.

"பாத்ரூம் போனியா?"

"நஹி."

"காலைலேந்தா?"

"நேத்துலேந்து," என்றாள் அக்ஷதா. அவள் முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. "மம்மீ, அந்தத் தண்ணி எல்லாம் எங்க போச்சு?"

மாலை நான்கு மணிக்குப் பக்கத்து க்ளினிக்கில் காட்டினாள். வெயில் தாக்கிய கேஸ் இந்த வாரம் நிறைய வருகிறது என்றார் டாக்டர். சர்க்கரை இல்லை, காய்ச்சல் இல்லை. ஒரு பாட்டில் சலைன் ஏற்றச் சொன்னார். ஒரு மணி நேரம் இறங்க வேண்டிய பாட்டில் பதினோரு நிமிடத்தில் காலியானது. நர்ஸ் குழாயில் ஓட்டையா என்று தடவிப் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தரை காய்ந்திருந்தது. இரண்டாவது பாட்டில் ஒன்பது நிமிடம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அக்ஷதாவின் கையைச் சற்றுக் கூடுதலான நேரம் பிடித்திருந்தார். "காலையில கொஞ்சம்கூடத் தேறலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்," என்றார்.

அன்று பொழுது சாயும் நேரத்தில், நேரெட்மெட் பக்கத்து ஏரியிலிருந்து வழக்கம்போலக் கொசுக்கள் கிளம்பி ஜன்னல் வழியாகக் கூட்டமாக உள்ளே வந்தன. ஜலஜாவின் கணுக்காலில், கழுத்தில், காதோரத்தில் மொய்த்தன, அடித்துச் சலித்தாள். இரண்டடி தள்ளி, கையும் காலும் வெளியே தெரிய, அக்ஷதா படுத்திருந்தாள்.

அவள்மேல் ஒன்றுகூட உட்காரவில்லை.

ஜலஜா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கொசு அக்ஷதாவின் முழங்கையை நோக்கிப் பறந்தது. பாதி வழியில் நின்றது. திரும்பியது.

செவ்வாய்க்கிழமை காலை அக்ஷதா அமைதியாகத் தூங்கினாள். நேற்றிலிருந்து முதல்முறையாகத் தண்ணீர் கேட்காமல் தூங்கினாள். தேறிவிட்டாள் என்று ஜலஜா நம்ப விரும்பினாள். பத்தரை மணிக்குச் சுதர்சனின் மனைவி சுமலதா போன் செய்தாள்.

"அக்கா, அவரு உங்களப் பாக்கணும்கறாரு. ஒரே ஒரு தரம் வந்துட்டுப் போங்க." பிறகு, மெதுவாக: "உங்க பொண்ணுக்கு எப்படி இருக்குன்னு கேக்கறாரு."

ஜலஜா யாரிடமும் அக்ஷதாவைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு புதிய கேன்களை வைத்து, கதவை வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பினாள். லாலாகுடாவில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்தது சுதர்சனின் வீடு. பட்டறையிலிருந்து இரும்பு அடிக்கும் ஓசை வந்துகொண்டிருந்தது. தெரு முழுக்க வெயில். சைக்கிளில் இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டு கடந்தார்கள். பகல் பதினொன்றரை மணி; பயப்பட எந்தக் காரணமும் இல்லாத வேளை.

சுமலதா கதவைத் திறந்தாள். மூக்கையும் வாயையும் ஈரமில்லாத துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதமான பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"வாயக் கட்டிக்கங்க அக்கா. அவருதான் கட்டச் சொன்னாரு. மூச்சுல ஈரம் இருக்காம்."

"எங்க இருக்கான்?"

"பாத்ரூம்ல. சனிக்கிழமை ராத்திரி உள்ள போனவரு. நக்கோ, வெளிய வரமாட்டேங்கறாரு. வெளிய தாழ்ப்பா போடுன்னு அவரேதான் சொன்னாரு அக்கா, நானா போடல."

வீட்டுக்குள் ஈரமான சிமெண்டின் வாசனை அடித்தது. புதிதாகக் கட்டும் வீட்டில் அடிக்குமே, அந்த வாசனை. சுமலதா தாழ்ப்பாளை விலக்கி, கதவை ஒரு சாண் திறந்தாள்.

உள்ளே விளக்கு இல்லை. மேலே இருந்த சின்னக் காற்றுத் துவாரத்திலிருந்து ஒரு பட்டை வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. சிமெண்ட் தொட்டிக்குள் சுதர்சன் உட்கார்ந்திருந்தான். தொட்டியில் தண்ணீர் இல்லை. தண்ணீர் ஊற்றிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பாறை இறுகி, அவனை இடுப்புவரை கவ்வியிருந்தது. ஈரப்பட்டால் எரிமலைச் சாம்பல் அப்படித்தான் இறுகும். ஆனால் இவ்வளவு சாம்பல் எங்கிருந்து வந்தது? அவன் டப்பாவில் கால் கிலோகூட இருந்ததில்லை.

அவன் முன்கையை உயர்த்தி, நெற்றியிலிருந்து தாடைவரை முகத்தின்மேல் இழுத்தான். திரும்ப உயர்த்தினான். இழுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் மெல்லிய பொடி உதிர்ந்து அந்த வெளிச்சப் பட்டையில் மிதந்தது.

"சுதர்சன்," என்றாள்.

முகம் அவள் பக்கம் திரும்பியது. கண்ணால் தேடிய திருப்பம் இல்லை அது. கண்கள் இரண்டும் சாம்பல் பூத்துக் கல்லாகியிருந்தன. முகம் நேராக அவள் வாய்க்கு வந்து நின்றது.

"கிட்ட வராதீங்க மேடம்." குரல் காகிதம் கிழிவதுபோல வந்தது. "எண்ணிக்கைல தப்பு. அதுங்க சாகல. நாற்பதும் காத்துக்கிட்டு இருக்கு."

"எதுக்கு?"

"ஈரத்துக்கு." மறுபடி கையை உயர்த்தி முகத்தின்மேல் இழுத்தான். "எனக்கு இப்ப எதுவும் தெரியல மேடம். ஆனா நீங்க எங்க நிக்கறீங்கன்னு தெரியுது. சுமா உங்களுக்கு எடதுபக்கம். இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட மூணு பேரு. ஒண்ணு சின்னது. குழந்தைங்கதான் மேடம் ரொம்ப ஈரம்." அவன் தொண்டையில் ஏதோ அரைபட்டது. "அப்படி நெனைக்கக் கூடாதுன்னு பாக்கறேன். முடியல."

சுமலதா துண்டுக்குள் விம்மினாள். விம்மிய உடனே அவன் முகம் அவள் பக்கம் வெடுக்கென்று திரும்பியது. தொட்டிக்குள் இறுகிய பாறையில் ஒரு விரிசல் ஓடியது.

"அழாத சுமா," என்று கெஞ்சினான். "தயவுசெஞ்சு அழாத."

ஜலஜாவின் கால்கள் பின்னால் நகர்ந்தன.

"மேடம். சனிக்கிழமை உங்க பொண்ணு ஊதிச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு. சின்ன ஒடம்பு, சீக்கிரம் காயும். பார்வை இருக்கறவரைக்கும் அது உங்க பொண்ணு. பார்வை போச்சுன்னா, அதுகூட வீட்டுல தனியா இருக்காதீங்க." பிறகு, "கதவச் சாத்துங்க. சீக்கிரம்," என்றான்.

தாழ்ப்பாளைப் போட்டதும் உள்ளிருந்து பாறை உடையும் ஓசை எழுந்தது. கதவின் அடியில், தரையோடு தரையாக, எதுவோ நக்கிக்கொண்டிருந்தது.

"நீயும் வந்துடு," என்று சுமலதாவின் கையைப் பிடித்தாள்.

சுமலதா கையை விடுவித்துக்கொண்டாள். "நான் போயிட்டா தாழ்ப்பாளுக்கு யாரு காவலு அக்கா? பக்கத்து வூட்ல கைக்குழந்தை இருக்கு."

மல்காஜ்கிரி தாண்டும்போது ஸ்கூட்டியை ஓரம் கட்டி நூற்றெட்டுக்குப் போன் செய்தாள். தன் வீட்டு முகவரியைச் சொன்னாள். நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். வைத்த உடனே அக்ஷதாவின் அழைப்பு வந்தது.

"மம்மீ."

"எந்திரிச்சிட்டியா கண்ணு? இதோ வந்துக்கிட்டே இருக்கேன்."

"மம்மீ, கரண்ட் போயிடுச்சா? ஒரே இருட்டா இருக்கு. மணி என்ன?"

மணி பன்னிரண்டரை. தார்ச் சாலையில் வெயில் கண்ணைக் கூசவைத்தது.

"ஆமாண்டி," என்றாள் ஜலஜா. "கரண்ட் போயிடுச்சு. அங்கயே உக்காந்திரு. எங்கயும் நகராத."

"தண்ணி அயிப்போயிந்தி." பிறகு, "மேல பாப்பா எந்திரிச்சிடுச்சு."

"அழறாளா?"

"நஹி. சத்தம் இல்ல. சும்மா தெரியுது."

அதற்குப் பிறகு எப்படி வண்டி ஓட்டினாள் என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு சிவப்பு விளக்கு. ஒரு பஸ்ஸின் ஹாரன். வாய்க்குள் மண். கேட்டைத் தள்ளியபோது மாடிப்படியில் சுபேதாரின் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி எடுக்க இறங்கிக்கொண்டிருந்தாள். "மேல போம்மா," என்று ஜலஜா கத்தினாள். "மேல போயிக் கதவச் சாத்திக்கோ. யாரு கூப்பிட்டாலும் தெறக்காத!" அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். குழந்தையை அணைத்துக்கொண்டு மேலே ஓடினாள்.

பூட்டில் சாவியை நுழைக்கும்போதே உள்ளிருந்து குரல் வந்தது.

"மம்மீ, வந்துட்டியா. தெரியுது."

சாவி துவாரத்தில் நின்றது. திரும்பி ஓடலாம். மூன்றே எட்டில் தெரு. அரை மணியில் ஆம்புலன்ஸ் வந்துவிடும், வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வருகிறவர்கள் எத்தனை பேர்? இரண்டு பேர், மூன்று பேர். வெயிலில் வியர்த்துக்கொண்டு வருவார்கள். அதற்குள் பின்பக்கம் துணி காயப்போடும் இடம் வழியாக அக்ஷதா மாடிப்படி ஏறிவிடலாம். அந்தப் பின்கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான். அக்ஷதாவுக்கு அதைத் திறக்கத் தெரியும். குருடாக இருந்தாலும் தெரியும்.

ஜலஜா உள்ளே போனாள். இரும்பு கிரில்லை இழுத்துச் சாத்தினாள். பூட்டினாள். பின்கதவுக்கு ஓடி, கைப்பையிலிருந்து ஸ்கூட்டியின் பூட்டை எடுத்துத் தாழ்ப்பாளில் மாட்டினாள். சாவிகளை ஜன்னல் கம்பி வழியாக வெளியே வீசினாள். செம்மண்ணில் அவை விழுந்த சத்தம் கேட்டது.

ஹாலில் இரண்டு கேன்களும் நசுங்கிக் கிடந்தன. குளிர்பெட்டி திறந்திருந்தது. தர்பூசணி இல்லை, காகிதம்போலக் காய்ந்த பச்சைத் தோல் மட்டும். தக்காளிகள் தோலாக. வெள்ளரிகள் தோலாக. பூந்தொட்டியின் மண் வெடித்திருந்தது. மிதியடி, தரை, சுவர்மூலை எங்கும் நரைத்த பொடி.

அக்ஷதா சமையலறை வாசலில், சுவரோடு சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் மேலே, கூரையைப் பார்த்திருந்தது. கண்களில் நரைத்த பூ. கூரைக்கு மேலே யாரோ நடந்தார்கள். காலடி எந்தப் பக்கம் போனதோ, அந்தப் பக்கம் அவள் முகமும் போனது.

"அக்ஷதா."

முகம் இறங்கியது.

"ராவொத்து மம்மீ." உதடு கிழிந்தது, ரத்தம் வரவில்லை. "கிட்ட வராத. நீ... நீ தண்ணியா தெரியற."

"தெரியும்."

"பாப்பாவும் தண்ணியா தெரியுது. நான் மேல போகல. போகணும்னு இருக்கு. ஆனா போகல. ஐ ஸ்வேர் மம்மீ."

"தெரியும்டி தங்கம். நீ போகல."

மேலே குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. அக்ஷதாவின் உடம்பு முழுவதும் ஒரே சொடுக்கில் எழுந்தது; கால் ஊன்றாமல், கை ஊன்றாமல் எழுந்தது. பின்கதவை நோக்கி. பூட்டு குலுங்கியது. மறுபடி. தாழ்ப்பாளின் திருகாணி ஒன்று தெறித்து விழுந்தது.

இன்னும் முப்பது நிமிடம்.

ஜலஜா அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். எடையே இல்லை. பதினான்கு வயதுப் பெண், கையில் எடையே இல்லை. இறுக்கினால் உடைந்துவிடுமோ என்று பயந்தாள். இறுக்காவிட்டால் போய்விடுமோ என்று பயந்தாள். மகளைத் தன் பக்கம் திருப்பி, அந்தக் காய்ந்த கன்னங்களை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, அப்போதுதான் அழுதாள். அடக்கி வைத்ததெல்லாம் உடைந்தது.

அக்ஷதாவின் முகம் அசைவற்று நின்றது.

மேலே குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அக்ஷதா அந்தப் பக்கம் திரும்பவில்லை. மெதுவாகக் குனிந்தாள். உப்புத்தாள்போலச் சொரசொரப்பான ஒரு நாக்கு ஜலஜாவின் தாடையில் பட்டது. கன்னத்தில் ஏறியது. எரிந்தது.

"இங்கா, இன்னும்," என்று கேட்டாள் அக்ஷதா. சின்ன வயதில் பாயசம் கேட்ட அதே குரல். "இன்னும் மம்மீ."

ஜலஜா அழுதாள். நின்றுவிடக் கூடாது என்று அழுதாள். மனோஜை நினைத்தாள். பிரசவ வார்டை நினைத்தாள். அக்ஷதா முதல்முதலாக நடந்த நாளை நினைத்தாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொட்டு. பிறகு ஒரு சொட்டு. மகள் ஒன்றையும் தரையில் விடவில்லை. மெல்ல இருவரும் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார்கள். கன்னத்துத் தோல் போயிருந்தது. தெருவில் வண்டிச் சத்தம் எதுவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

கண்ணீர் நின்றது.

எவ்வளவு நினைத்தும் வரவில்லை. இரண்டு கன்னமும் காய்ந்துவிட்டன. மேலே குழந்தையின் அழுகை ஒரு கணம் ஓய்ந்து, மறுபடி தொடங்கியது. அக்ஷதாவின் கழுத்து அந்தப் பக்கம் மெல்லத் திரும்பப் பார்த்தது.

"இங்க, கண்ணு," என்று ஜலஜா அவசரமாக அவள் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அம்மாகிட்ட இன்னும் இருக்கு."

நாக்கு கன்னத்தின்மேல் மெதுவாக ஏறி, இமையோரத்தில் நின்று, ஈரம் எங்கே இருக்கிறது என்று தேடியது.

ஜலஜா கண்ணை மூடவில்லை.